அம்மாவைப் படம் பிடித்த கைபேசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போன காணொளி பிறகு கண்டெடுக்கப்பட்டது போன்ற பாவனையில் உருவாகும் 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' வகைத் திகில் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி டேக்கிங் ஆஃப் டெபோரா லோகன்' என்ற அமெரிக்கப் படம், முதுமை மறதி நோயைப் பேய்க்கதைக்குள் கொண்டுவந்த புதுமைக்காக அதில் பாராட்டப்பட்டிருந்தது. மறதி நோய் கண்ட தாயை ஆறு ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பார்த்து வரும் மகள் நான். அந்தப் புதுமை எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டதால் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அல்சைமர் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் பற்றி ஆய்வுப் படம் எடுக்கும் ஒரு மாணவி, தன் குழுவினருடன் வர்ஜீனியாவின் நாட்டுப்புறத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு வருகிறாள். அந்த வீட்டின் மூதாட்டி டெபோராவுக்குத் தன்னைப் படம் பிடிப்பதில் விருப்பமில்லை. ஆனால் வீடு கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கிறது. ஆய்வுக்காகக் கிடைக்கும் பணத்தை நம்பி மகள் சாரா தாயைச் சம்மதிக்க வைக்கிறாள். படத்தின் முதல் பகுதியைப் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது உண்மை. தன் தோட்டக் கருவியைத் திருடிவிட்டதாகப் படக்குழுவினர் மேல் டெபோரா பாயும் காட்சியில், என் அம்மாவின் சாவிக்கொத்து நினைவுக்கு வந்தது. நோய் தொடங்கிய முதல் ஆண்டில், வீட்டு வேலைக்கு வரும் அக்கா அதைத் திருடிவிட்டதாக அம்மா தெருவில் நின்று கத்தினார். பதினோரு வருடமாக எங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருந்த அந்த அக்கா அழுதுகொண்டே போய்விட்டார். மூன்றாம் நாள் உப்பு ஜாடிக்குள் கை விட்டபோது சாவிக்கொத்து என் விரலில் தட்டுப்பட்டது. வளையத்தில் உப்பு பூத்துத் துரு ஏறத் தொடங்கியிருந்தது. டெபோராவாக நடித்த ஜில் லார்சன் என்ற நடிகையின் முகத்தில் அந்தக் கோபமும், கோபத்துக்கு அடியில் இருந்த பயமும் அப்படியே இருந்தன.

அதன் பிறகு படம் வேறு பாதையில் போகிறது. நெடுங்காலத்துக்கு முன்பு காணாமல் போன, சிறுமிகளைப் பலியிட்ட ஒரு மருத்துவரின் ஆவி அந்த மூதாட்டியின் உடலுக்குள் இருப்பதாகக் கதை திரும்புகிறது. டெபோரா ஒரு காலத்தில் வீட்டிலேயே நடத்திய தொலைபேசி இணைப்பகப் பலகையின் முன்னால் நள்ளிரவில் உட்கார்ந்து, தெரியாத மொழியில் பேசுகிறார். இறுதியில் ஒரு சிறுமியைப் பாம்பு இரையை விழுங்குவது போல விழுங்க முனைகிறார். அந்த ஒரு காட்சி தனியாக வெட்டி எடுக்கப்பட்டு, படத்தின் பெயரே தெரியாதவர்களிடமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கதை முடியும்போது நோய் என்பது வெறும் திரையாகிவிடுகிறது. மருத்துவம் பேசியவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்கள், "இது வேறு" என்று சொன்னவரே கெட்டிக்காரர் என்பதுதான் இந்த வகைப் படங்களின் அடித்தளம். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளன் 2015-இல் எடுத்த 'தி விசிட்' படத்தையும் இதோடு சேர்த்தே சொல்வேன். அதிலும் பாட்டியின் இரவு நடத்தைக்கு, பொழுது சாய்ந்தால் வரும் முதுமைக் குழப்பம் என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. கடைசியில் அந்த விளக்கம் உண்மையை மறைத்த சமாதானமாகவே முடிகிறது. திரையரங்கை விட்டு வெளியே வரும் இளைஞர் எதை நினைவில் வைத்துக்கொண்டு வருவார் என்பதே என் கவலை.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பகலில் பெரிய தொந்தரவு இருக்காது. மருத்துவரிடம் கூட்டிப்போனால் கைகூப்பி வணக்கம் சொல்லி, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சிரிப்பார். பொழுது சாயத் தொடங்கியதும் வீடே மாறிவிடும். நரம்பியல் மருத்துவர் இதைக் கேட்டுவிட்டு, "வாயால் சொல்வதைவிட, மாலையில் அவர் இருப்பதைக் கைபேசியில் எடுத்து வந்து காட்டுங்கள்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மறதி நோயில் பல வகை உண்டு. இல்லாத குழந்தைகளும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரியும் 'லூயி பாடி' வகையாக இருந்தால், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கடுமையாகத் திருப்பித் தாக்கும். ஆகவே எந்த வகை என்று பிரித்தறிய, அந்த நேரத்து நடத்தையை மருத்துவர் தம் கண்ணால் பார்ப்பது பெரிய உதவி.

ஒரு நாள் மாலை ஆறே முக்காலுக்கு நான்கு நிமிடக் காணொளி எடுத்தேன். குழல் விளக்கு ஒளியில், பீரோக் கண்ணாடி முன்னால் அம்மா நிற்கிறார். கண்ணாடியில் தெரியும் கிழவியிடம், "யாரு நீ? எவ்வளவு நேரமா நிக்க? காப்பி குடிச்சியா?" என்று முதலில் அன்பாகக் கேட்கிறார். பதில் வராததால் குரல் ஏறுகிறது. "எங்க வீட்டுல உனக்கென்ன வேல?" என்று கையை ஓங்குகிறார். நான் "அம்மா" என்று கூப்பிட்டதும் திரும்பி என்னைப் பார்த்து, "எம் மவ எங்க? அவ சேலையக் கட்டிக்கிட்டு வந்து நீ யாருடீ நிக்க?" என்கிறார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை; தொண்டையின் அடியிலிருந்து, ஆண் குரல் போல வந்தது.

மருத்துவர் காணொளியை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிவதற்கு, இன்றைய நம் முகம் எப்படி இருக்கும் என்ற நினைவு வேண்டும். அது அழிந்தவருக்கு அங்கே நிற்பது வீட்டுக்குள் புகுந்த அந்நியர் என்று விளக்கினார். என்னை ஆள்மாறாட்டக்காரி என்று நினைத்ததற்கும் பெயர் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு இதை விவரித்த ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். முகத்தை அடையாளம் காணும் திறன் இருக்கும்; அந்த முகத்தைக் கண்டதும் நெஞ்சில் எழ வேண்டிய "இவள் என் பிள்ளை" என்ற உணர்வு மட்டும் எழாது; ஆகவே, பிள்ளையைப் போலவே இருக்கும் யாரோ ஒருத்தி என்று மூளை முடிவு கட்டிக்கொள்ளும். இதைக் கேட்ட அன்று நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். ஆனால் அம்மா என்னை வெறுக்கவில்லை, என்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அன்றுதான் புரிந்தது. "எம் மவ எங்க?" என்பதுதானே அவர் கேட்ட கேள்வி.

அந்தக் காணொளியை வெளியூரில் இருக்கும் என் உடன்பிறந்தவர்களும் பார்க்கட்டும் என்று அவர்களுக்கு மட்டும் அனுப்பினேன். நான் செய்த தவறு அதுதான். உறவில் ஒருவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதன் கீழே, "பெரியம்மாவுக்குக் காத்துக் கருப்பு அண்டியிருக்கு, வைத்தியத்துக்கு மசியாது" என்று எழுதியிருந்தார். சில வாரம் கழித்து என் மகனின் நண்பன் ஒருவன் மூலம் அதே காணொளி எங்களுக்கே திரும்பி வந்தது. நாற்பது நொடியாக வெட்டப்பட்டு, நிறம் பச்சையாக மாற்றப்பட்டு, பின்னணியில் திகில் இசை சேர்க்கப்பட்டிருந்தது. காப்பி குடித்தாயா என்று அம்மா கேட்கும் பகுதி அதில் இல்லை. கை ஓங்கியதும் அந்தக் குரலும் மட்டும் இருந்தன. என் அம்மா இருபத்தாறு ஆண்டுகள் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். பசியோடு ஒரு பிள்ளை திரும்பிப் போகக் கூடாது என்று இருந்தவர். அவரை முன்பின் அறியாத யாரோ அவரைப் பார்த்துப் பயப்படுவதற்கென்று அதை வைத்திருக்கிறார்கள்.

இதோடு போயிருந்தால் மனவருத்தத்தோடு நின்றிருக்கும். அந்த ஆண்டு சித்திரையில் அம்மாவின் நிலை இரண்டே நாளில் தலைகீழானது. நேற்று வரை தானே எடுத்துச் சாப்பிட்டவர் தட்டைத் தள்ளிவிட்டார். காற்றில் எதையோ பிடுங்கினார். ஒரு மணி நேரம் பேச்சு மூச்சில்லாமல் மயங்கிக் கிடந்துவிட்டு, அடுத்த மணி நேரம் கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்த்தார். காணொளியைப் பார்த்திருந்த உறவினர்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். "அன்னைக்கே சொன்னோமே, இப்ப முத்திப்போச்சு" என்றார்கள். குறி சொல்பவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். வேப்பிலையால் அடித்ததில் அம்மாவின் தோள்பட்டையில் கோடு கோடாகச் சிவந்தது. சடங்கு முடியும்வரை ஆங்கில மருந்து கூடாது என்றார்கள். தூக்கமில்லாமல், துணையில்லாமல், என் புத்தியும் களைத்துப்போயிருந்த நிலையில் நானும் தலையாட்டினேன். மூன்று நாள் வீணாகப் போனது.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுச் செவிலியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, சிறுநீர் எப்படிப் போகுது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என் அம்மாவைக் காப்பாற்றியது. மருத்துவமனையில் சோதித்ததில் சிறுநீர்த் தொற்று கடுமையாக இருந்தது. இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. உடலில் நீரே இல்லை. நரம்பு வழியாக மருந்து ஏறிய ஒன்பது நாளில் அம்மா பழைய நிலைக்குத் திரும்பினார். மறதி போகவில்லை, அது போகாது. ஆனால் தட்டை வாங்கி, தானே பிசைந்து சாப்பிட்டார்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'டெலிரியம்' என்று பெயர். திடீர்க் குழப்பம் என்று சொல்லிக்கொள்ளலாம். வாசகர்கள் என் கடிதத்தில் மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வளர்வது. டெலிரியம் சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வந்து இறங்குவது. ஒரே நாளில் ஏறுவதும் தணிவதுமாக இருப்பது. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இது எளிதில் வரும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, கடும் மலச்சிக்கல், சோடியமோ சர்க்கரையோ ஏறி இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போவதுண்டு. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. தாமதித்தால் உயிரைக் குடிப்பவை. நேற்றுவரை ஒரு மாதிரி இருந்த பெற்றோர் இன்று வேறு ஆளாகிவிட்டார் என்றால், "ஏதோ புகுந்துவிட்டது" என்று தோன்றுவது இயல்பு. புகுந்தது கிருமியாக இருக்கலாம் என்ற எண்ணம் முதலில் வர வேண்டும்.

சாமி நம்பிக்கையைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வளர்ந்தவர்கள். சின்ன வயதில் அம்மாவின் மடியில் இருந்தபடியே, சாமியாடுபவரின் உடல் நடுங்குவதையும் குரல் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்கு நாள் உண்டு, நேரம் உண்டு, மேளம் உண்டு, விரதம் இருந்த ஆள் உண்டு. வாக்குச் சொல்லி முடித்ததும் சாமி மலையேறிவிடும். ஆடியவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நம்மோடு உட்கார்ந்து பேசுவார். என் அம்மாவுக்கு வந்திருப்பது மலையேறுவதில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது நோய்க்கும் தீங்கு, சாமிக்கும் மரியாதை இல்லை. இந்த வேறுபாடு எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. பேய் பிடித்தால் உடல் இப்படி வளையும், குரல் இப்படி மாறும் என்று திரை கற்றுக்கொடுத்த பிறகுதான் ஒவ்வொரு மாறிய குரலும் பேயாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

பேய் என்ற சொல் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பேய் விலகும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. சங்கிலிக்குத் தடை வந்தது, காணொளிக்கு வரவில்லை.

மறதி நோய் பற்றித் தேடிப் படித்தபோது, உண்மையிலேயே கண்டெடுக்கப்பட்ட ஒரு பதிவைப் பற்றி அறிந்தேன். 1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஔகுஸ்ட டீட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரைப் பரிசோதித்தவர் அலோய்ஸ் அல்சைமர். இன்று நோய்க்கு இருப்பது அவருடைய பெயர்தான். உன் பெயர் என்ன என்று கேட்டார், ஔகுஸ்ட என்றார். குடும்பப் பெயர்? அதற்கும் ஔகுஸ்ட. கணவர் பெயர்? கொஞ்சம் தயங்கி, ஔகுஸ்ட என்று நினைக்கிறேன் என்றார். கேள்வியையும் பதிலையும் அல்சைமர் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். 1906-இல் அந்த அம்மையார் இறந்தார். கோப்பு எங்கோ போய்விட்டது. 1995-இல் அதே பிராங்க்ஃபர்ட்டில் அது திரும்பக் கிடைத்தது. அதில் இருந்த புகைப்படத்தில், வெள்ளை அங்கியில் கைகளை முழங்கால் மேல் வைத்தபடி கலங்கிய முகத்தோடு அவர் அமர்ந்திருக்கிறார். அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. அவர் நிலையில் இருந்த எத்தனையோ பேரை மற்றவர்கள் என்னவெல்லாமோ சொல்லி ஒதுக்கிய காலத்தில், ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை வீடுகளிலும் இன்று கைபேசி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அத்தனை பேரும் படம் பிடிக்கப்படக் கூடியவர்கள். டெபோரா படத்தில் அந்த மூதாட்டியாவது முதலில் மறுக்கிறார். மறுக்கவும் தெரியாத நிலையில் இருப்பவரைப் படம் எடுக்கும்போது, நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அவர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். என் அம்மா, தலை வாராமல் வாசலுக்குக்கூட வராதவர்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இத்தகைய படங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்றோ, தடை செய்ய வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. எழுதும்போது, படத்தில் பேயின் அடையாளமாகக் காட்டப்படும் கண்ணாடிக் குழப்பம், ஆள் மாறாட்ட எண்ணம், அந்திநேரக் கலக்கம், திடீர் வசவு ஆகிய ஒவ்வொன்றும் நோயின் அறிகுறிகள் என்பதை அதே பக்கத்தில் இரண்டு வரியாவது சேர்த்து வெளியிடுங்கள். டெலிரியம் பற்றித் தங்கள் மருத்துவப் பகுதியில் முதியோர் நல மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுங்கள். சென்னை கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருப்பதும், முதியோர் உதவிக்கென்று 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருப்பதும் தென்மாவட்டக் கிராமங்களில் பலருக்குத் தெரியாது, அடிக்கடி அச்சிடுங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மருத்துவர் கேட்டால் காணொளி எடுங்கள், அவரிடம் நேரில் காட்டுங்கள், காட்டியதும் அழித்துவிடுங்கள். ஒரு முதியவர் விசித்திரமாக நடந்துகொள்ளும் காணொளி உங்கள் கைபேசிக்கு வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். போன மாதம், முகம் தெரியாத ஒருவர் தம் நண்பர்கள் குழுவில் போட்ட அந்த நாற்பது நொடி மறுபடியும் என் கண்ணில் பட்டது. அவருடைய எண்ணுக்கு, "இவர் என் அம்மா. நோயாளி. தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று எழுதினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு, அழித்துவிட்டதாக எழுதியவர், தம் அப்பாவும் பொழுது சாய்ந்தால் இப்படித்தான் இருக்கிறார், எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று கேட்டார். எழுதி அனுப்பினேன்.

இப்போது பீரோக் கண்ணாடியை அம்மாவின் பழைய சுங்கடிச் சேலையால் மூடி வைத்திருக்கிறேன். இருட்டுவதற்கு முன்பே, ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறோம். திருட்டுப் பட்டம் கேட்டுப் போன அக்காவும் திரும்பி வந்துவிட்டார். மாலையில் அம்மாவிடம் ஒரு முறம் நிறையக் கடலையைக் கொடுத்து உரிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் தெரிந்தால் அம்மா யாரென்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்.